தொண்டும் மனநிறைவும்: திருநாளைப்போவார் புராணம் – ஒரு மறுவாசிப்பு

தில்லி லோதி ரோட்டில் உள்ள அரங்கொன்றில் சில ஆண்டுகளுக்கு முன்னர் நடைபெற்ற பெரியபுராணச் சொற்பொழிவைக் கேட்கும் வாய்ப்பு இக்கட்டுரையாளருக்குக் கிட்டியது. வந்திருந்தோருள் பெரும்பாலோர் மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற தமிழர்கள். 'இறைவன் தந்த பணியில் நிறைவு' என்பது அன்றைய பொருள். குயவராகிய திருநீலகண்டர் அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்ததையும், ஆயராகிய ஆனாயர் குழலில் ஐந்தெழுத்தை இசைத்ததையும், சாலியராகிய நேசர் உடையும் கோவணமும் நெய்து வழங்கியதையும் எடுத்துரைத்த சொற்பொழிவாளர், நிறைவாக ஆதனூர் நந்தனாரையும் அவ்வரிசையில் சேர்த்து உரையை முடித்தார். அப்போது முதியவர் ஒருவர் எழுந்து, "நந்தனார் தமக்கு வாய்த்ததில் நிறைவு கொண்டிருந்தால் ஆதனூரிலேயே அல்லவா இருந்திருப்பார்? தில்லைக்கு ஏன் போனார்?" என்று வினவினார். நேரம் கடந்துவிட்டமையால் அவ்வினா விடை பெறவில்லை.

இவ்வினா அந்த இடத்தில் எழுந்ததில் ஒரு பொருத்தம் உண்டு. லோதி ரோட்டை ஒட்டிய லோதி காலனி, ஆங்கிலேயர் ஆட்சியின் இறுதிக் கட்டமாகிய 1940களில் அரசு ஊழியர்க்கென எழுப்பப்பட்ட குடியிருப்பு. புது தில்லியில் அரசு வீடு ஊழியரின் பதவி நிலையைப் பொறுத்து ஒதுக்கப்படுவது. ஒருவர் எவ்வகை வீட்டில் குடியிருக்கிறார் என்பதைக் கொண்டே அவர் நிற்கும் படியை அறிந்துகொள்ளலாம். வாழ்நாள் முழுவதும் அவ்வாறு வாழ்ந்த ஒருவருக்கு, செய்யும் பணி வேறு, அப்பணிக்கென்று வகுக்கப்பட்ட இடம் வேறு என்பது தெரிந்திருக்கும். முதியவரின் வினா இவ்விரண்டையும் பிரித்தது; சொற்பொழிவாளர் இரண்டையும் ஒன்றாக்கியிருந்தார். சேக்கிழார் எப்பக்கம் நிற்கிறார் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

நியமமும் நெருக்கடியும்

பெரியபுராணத்தில் தொழில்வழித் தொண்டாற்றிய அடியார்களின் வரலாறுகள் பெரும்பாலும் ஒரே அமைப்பில் இயங்குகின்றன. அடியார் தம் தொழிலிலிருந்தே ஒரு நியமத்தை வகுத்துக்கொள்கிறார். அந்நியமத்தைக் காக்க இயலாத நாள் ஒன்று வருகிறது. அந்நாளில் அவர் என்ன செய்தார் என்பதே வரலாறாகிறது. காஞ்சிபுரத்து ஏகாலியராகிய திருக்குறிப்புத்தொண்டர், மெலிந்த உடலோடு வந்த அடியார் ஒருவரின் அழுக்கேறிய கந்தையை மாலைக்குள் வெளுத்து உலர்த்தித் தருவதாக வாக்களிக்கிறார். மழை பிடித்துக்கொள்கிறது, விடவில்லை. சொன்ன சொல் தவறிய துயரத்தில், துணி துவைக்கும் பாறையிலேயே தம் தலையை மோதிக்கொள்ள முனைகிறார். நாகப்பட்டினத்துப் பரதவர் தலைவராகிய அதிபத்தர், நாள்தோறும் அகப்படும் மீன்களுள் ஒன்றை இறைவனுக்கென்று கடலில் விடுபவர். நாளொன்றுக்கு ஒரே மீன் அகப்படும் காலம் வருகிறது. அந்த ஒன்றையும் விட்டுவிட்டுச் சுற்றத்தோடு பசித்திருக்கிறார். பின்னர் ஒரு நாள் பொன்னாலும் மணியாலும் ஆன மீன் அகப்படுகிறது; அதையும் விட்டுவிடுகிறார். திருவொற்றியூரில் விளக்கேற்றும் தொண்டு பூண்ட செக்குத் தொழிலாளராகிய கலியர், எண்ணெய் வாங்க வழியற்ற நாளில் தம் குருதியையே எண்ணெயாக்கத் துணிந்து கழுத்தை அரிகிறார்.

இவ்வரலாறுகளை 'வாய்த்ததில் நிறைவு' என்னும் தொடரில் அடக்கிவிட முடியுமா என்பது ஐயத்திற்குரியது. மழை பெய்தால் துணி உலராது; "நாளைக்குத் தருகிறேன்" என்று சொல்லி அமைவதே நிறைவுடையவர் செயல். திருக்குறிப்புத்தொண்டர் அமையவில்லை. இவர்களிடம் காணப்படுவது அமைதி அன்று. விட்டுக்கொடுக்காத பிடிவாதம் என்றே அதைக் கூறவேண்டும். எனினும் இவர்கள் அனைவரிடத்தும் ஒரு பொதுத்தன்மை உண்டு. நெருக்கடி தொழிலுக்குள்ளேயே எழுகிறது, தொழிலுக்குள்ளேயே தீர்கிறது. துவைக்கும் பாறையருகேதான் இறைவனின் கை வெளிப்படுகிறது. கடலில்தான் அதிபத்தருக்குக் காட்சி கிடைக்கிறது. இவர்கள் எங்கும் போகவேண்டியதில்லை. அவ்வகையில் சொற்பொழிவாளர் கூற்றில் பாதி உண்மை இருக்கிறது.

இப்பாதி உண்மை தமிழுக்கு மட்டும் உரியதன்று. தன் கடமையைக் குறையுறச் செய்தாலும் அது பிறர் கடமையை நன்கு செய்வதினும் மேல் என்று கீதை இருவேறு இடங்களில் கூறுகிறது. பதினாறாம் நூற்றாண்டு ஜெர்மனியில் மார்ட்டின் லூதர், துறவு மடத்தில் மட்டுமன்றிச் செருப்புத் தைப்பவனின் பட்டறையிலும் இறைவனின் அழைப்பு உண்டு என்று வாதிட்டார். துறவியின் வாழ்வே உயர்ந்தது என்ற கருத்தை அது அசைத்தது. ஆனால் செருப்புத் தைப்பவன் தைத்துக்கொண்டே இருக்கவேண்டும் என்பதற்கும் பின்னர் அதுவே சான்றாயிற்று. உழைப்பைப் பெருமைப்படுத்தும் கருத்து, உழைப்பவனை இருந்த இடத்திலேயே இருத்தவும் பயன்படுவது பல நாடுகளில் கண்ட செய்தி.

ஆதனூரில் இல்லாத குறை

நந்தனாரைப் பற்றிச் சுந்தரர் திருத்தொண்டத்தொகையில் பெயரோடு ஓர் அடைமொழி மட்டுமே தருகிறார். நம்பியாண்டார் நம்பி தம் அந்தாதியில் ஒரு பாடல் அளவில் நிறுத்திக்கொள்கிறார். அதை முழு வரலாறாக விரித்தவர் பன்னிரண்டாம் நூற்றாண்டினராகிய சேக்கிழாரே. அவர் விரித்த முறையில் முதலில் நோக்கத்தக்கது ஆதனூர்ப் புலைப்பாடியின் வருணனை. கூரை வேய்ந்த சிறு குடில்கள், மேலே படர்ந்த சுரைக்கொடி, குஞ்சுகளோடு மேயும் கோழி, நாய்க்குட்டிகள், அவற்றை எடுத்தோடும் சிறுவர், மர நிழலில் தோலின்மேல் உறங்கும் குழந்தை, கிளைகளில் தொங்கும் பறைகள் என்று அது விரிகிறது. அரசவையைப் பாடும் புலவர் இவ்வளவு அருகில் நின்று பார்த்திருக்கிறார் என்பது வியப்பிற்குரியது. இரங்கத்தக்க இடமாக அதை அவர் காட்டவில்லை. வாழத்தக்க இடமாகவே காட்டுகிறார்.

அங்கு வாழும் நந்தனாருக்கு வாழ்க்கைக் குறை எதுவும் இல்லை. பறைத்தொழிலுக்காக ஊரார் விட்டிருந்த நிலமாகிய 'பறைத்துடவை' அவருக்கு உணவு தருகிறது. தம் மரபுத் தொழிலைச் செய்கிறார். அதையே தொண்டாகவும் ஆக்கிக்கொள்கிறார். கோயில்களில் முழங்கும் பேரிகை முதலிய கருவிகளுக்குப் போர்வைத் தோலும் விசிவாரும், யாழுக்கும் வீணைக்கும் நரம்பும், வழிபாட்டிற்குக் கோரோசனையும் அளிக்கிறார். திருவாயிலின் புறத்தே நின்று ஆடியும் பாடியும் மகிழ்கிறார்.

இவ்விடத்தில் ஏனைய தொழிலடியார் வரலாறுகளோடு ஒப்பிட்டு நோக்கினால் ஒரு வேறுபாடு புலனாகும். நந்தனாரின் நியமத்திற்கு எந்த இடையூறும் நேரவில்லை. தோல் கிடைக்காத நாள் என்று ஒன்று புராணத்தில் இல்லை. வறுமை வரவில்லை; மழை பெய்யவில்லை. தொண்டு தடையின்றி நடைபெறுகிறது. நெருக்கடி, தொண்டு தடைபட்டதால் அன்று, முட்டின்றி நிறைவேறியதால் எழுகிறது. அவர் தந்த தோல் உள்ளே சென்று முழங்குகிறது. அவர் தந்த நரம்பு உள்ளே சென்று இசைக்கிறது. கோரோசனை கருவறை வரை செல்கிறது. தந்தவர் வாயிலுக்கு வெளியே நிற்கிறார். செத்த விலங்கின் தோலுக்கு இல்லாத தடை அதைப் பதப்படுத்திய கைக்கு இருக்கிறது. சேக்கிழார் இதை வெளிப்படையாக எடுத்துப் பேசவில்லை. ஆயினும் பொருள்களின் பட்டியலை முன்னும் ஆள் நிற்கும் இடத்தைப் பின்னும் வைத்த அமைப்பிலேயே அது அடங்கியிருக்கிறது.

திருப்புன்கூரில் இம்முரண் முதன்முதலாக வெளிப்படுகிறது. சிவலோகநாதரை நேரே காண விழைகிறார், நந்தி மறைக்கிறது, இறைவன் அருளால் நந்தி விலகுகிறது. அவ்வூரில் ஒரு குளமும் தோண்டிவிட்டுத் திரும்புகிறார். வாயில் திறக்கவில்லை; பார்வைக்கு மட்டும் வழி கிடைத்தது.

'இதுவும் ஏவல்'

அதன்பின் தில்லை. இப்பகுதியைத்தான் பெரும்பாலான சொற்பொழிவுகள் விரைந்து கடந்துவிடுகின்றன. தில்லைக்குப் போகும் ஆர்வத்தில் நந்தனார் இரவெல்லாம் உறங்கவில்லை. விடிந்ததும் எண்ணிப் பார்க்கிறார்: அங்குச் சென்று சேர்வது தாம் பிறந்த குலத்தோடு ஒத்துவராது. அவரைத் தடுத்தவர் எவருமில்லை, தாமே எண்ணுகிறார். எண்ணி, இவ்வாறு இருப்பதும் எம்பெருமான் கட்டளையே என்று கொண்டு பயணத்தைக் கைவிடுகிறார். இறைவன் தந்த நிலையில் அமைவது என்னும் கருத்து அந்த இடத்தில் முழு வடிவத்தோடு வந்து நிற்கிறது. லோதி ரோட்டுச் சொற்பொழிவாளருக்கு இதைவிடச் சிறந்த மேற்கோள் கிடைத்திருக்காது. ஆனால் அப்பாடல் அத்தோடு முடியவில்லை. காதல் மிகுகிறது, "நாளைப் போவேன்" என்கிறார். ஒரே பாடலுக்குள் ஏவலென்று அமைந்தவர், அமைய முடியாமற் போகிறார்.

இந்த அமைப்பைச் சேக்கிழாரின் திறமான முடிவு என்றே கருதவேண்டியுள்ளது. நிறைவுக் கருத்தை வேறொருவர் வாயில் வைத்து அதை நந்தனார் மறுப்பதாகக் காட்டியிருக்கலாம். அவ்வாறு செய்யாமல் நந்தனாரின் நெஞ்சிலேயே அதை வைக்கிறார். அது போலியான எண்ணமும் அன்று. பக்தியுள்ள ஒருவரின் உண்மையான எண்ணம். அவ்வுண்மையான எண்ணமும் அன்பின் முன் நிற்கவில்லை. நாள்கள் பல 'நாளை'யிலேயே கழிகின்றன. திருக்குறிப்புத்தொண்டரால் ஒரு நாளைக்கூடத் தள்ளிப்போட முடியவில்லை. நந்தனாரோ தள்ளிப்போட்டே பெயர் பெற்றார். அடியார்களுள் சிலர் தொழிலால் பெயர் பெற்றனர், சிலர் ஊரால், சிலர் செயலால். செய்யாமற் போன ஒன்றால் பெயர் பெற்றவர் இவர். நிறைவின்மையே இவருக்குப் பெயராயிற்று என்றாலும் மிகையன்று.

ஏவல் என்று அவர் கொண்டது உண்மையில் ஏவல்தானா என்பதற்கும் புராணத்திலேயே விடை உண்டு. தில்லை எல்லையை அடைந்து, வேள்விப் புகையைக் கண்டு உள்ளே புகாமல், எல்லையையே இரவும் பகலும் வலம் வந்து, வருந்தி உறங்கிய நந்தனாரின் கனவில் இறைவன் தோன்றி, ஆதனூருக்குத் திரும்பிச் செல் என்று கூறவில்லை, வா என்கிறான். அப்படியாயின் 'இருப்பதே ஏவல்' என்ற எண்ணம் தவறு என்பது வெளிப்படை. எனினும் வரும் வழி தீ. இப்பிறவி நீங்க எரியில் மூழ்கி, முப்புரிநூல் மார்பரோடு வந்து சேர் என்பதே கட்டளை. தில்லை அந்தணர்க்கும் கனவில் ஆணை பிறக்கிறது. தென்வாயில் முன் தீ வளர்க்கின்றனர். நந்தனார் பழைய உடல் நீங்கி, நூலணிந்த முனிவராக எழுகிறார். உள்ளே சென்று மறைகிறார்.

இம்முடிவை இக்கட்டுரையாளரால் மகிழ்ச்சியோடு ஏற்க முடியவில்லை. சேக்கிழாராலேயே வேறு முடிவு எழுத முடியும் என்பதற்குத் திருநீலகண்ட யாழ்ப்பாணர் புராணம் சான்று. பாணர் குலத்தவராகிய யாழ்ப்பாணரும் கோயில் வாயிலுக்கு வெளியே நின்று வாசித்தவர்தாம். மதுரையில் இறைவன் ஆணையால் அவர் உள்ளே அழைத்துச் செல்லப்படுகிறார். ஈரத்தால் யாழ் கெடாதிருக்கப் பொற்பலகை இடப்படுகிறது. திருவாரூரில் அவருக்கென வடதிசையில் வேறு வாயிலே வகுக்கப்படுகிறது. சாத்தமங்கையில் திருநீலநக்கராகிய அந்தணரின் மனையில், வேள்வித் தீ வளரும் வேதிகையின் அருகே, அவரும் துணைவியாரும் தங்குகின்றனர். தீ அவர்களைச் சுடவில்லை, வலஞ்சுழித்து ஓங்குகிறது. பாணருக்காகச் சுவர் மாறியது. புலையருக்காக உடல் மாறவேண்டியிருந்தது. யாழ்ப்பாணர் இறுதிவரை யாழ்ப்பாணராகவே இருக்கிறார், யாழும் கையில் இருக்கிறது. நந்தனாரின் தொழிலோ தீயில் அவரைவிட்டு நீங்குகிறது. மறுநாள் ஆதனூரிலிருந்து தோலும் விசிவாரும் யார் கொண்டுவந்தார் என்பது புராணத்தில் இல்லை.

வேதியரின் வருகை

ஏழு நூற்றாண்டுகளுக்குப் பின்னர் கோபாலகிருஷ்ண பாரதியார் இவ்வரலாற்றை நந்தனார் சரித்திரக் கீர்த்தனையாக இயற்றியபோது, சேக்கிழாரிடம் இல்லாத வேதியர் ஒருவரைப் படைத்தார். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியில் தோன்றிய அந்நூலில் நந்தனார் பறைத்துடவை பெற்ற ஊர்த்தொழிலாளர் அல்லர், வேதியரின் பண்ணையாள். தில்லைக்குப் போக விடை கேட்கும்போது, நாற்பது வேலி நிலத்து வேலையை முடித்துவிட்டுப் போ என்கிறார் ஆண்டை. ஏறத்தாழ 265 ஏக்கர்! இறைவன் அருளால் ஓரிரவில் அது முடிகிறது. இலக்கண வழுக்களைக் காரணம் காட்டிச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கிய மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, பாரதியார் பாடக் கேட்டு உருகிப் பின்னர் வழங்கிய செய்தியை உ.வே. சாமிநாதையர் பதிவு செய்துள்ளார்.

இந்நூலில் நிறைவுக் கருத்து இடம் பெயர்ந்திருப்பதே நமக்குரிய செய்தி. சேக்கிழாரிடம் அடியாரின் நெஞ்சில் எழுந்து அன்பால் வெல்லப்பட்ட எண்ணம், பாரதியாரிடம் பிறர் வாய்க்குப் போகிறது. உனக்கு எதற்குச் சிதம்பரம், உன் வேலை வயலில் என்பது ஆண்டையின் குரல். நம் தெய்வங்கள் நமக்கு இருக்கின்றனவே, அவற்றைக் கும்பிடு என்பது சேரிப் பெரியவரின் குரல். முதலாவது ஆதிக்கத்தின் குரல் என்பதை எவரும் அறிவர். இரண்டாவதைத்தான் ஆராய்ச்சியாளர் போதிய அளவு கவனிக்கவில்லை. அந்தப் பெரியவர் நந்தனாரின் பகைவர் அல்லர். நந்தனார் செய்வதற்குச் சேரி முழுவதும் விலை கொடுக்கவேண்டிவரும் என்பதை அறிந்தவர். 'உள்ளதே போதும்' என்று சொல்பவர் எல்லாம் உள்ளதை விரும்பிச் சொல்வதில்லை, அஞ்சியும் சொல்வர். பாரதியாரின் நூலில் பக்தியைக் காட்டிலும் இவ்வச்சம் உண்மையாக வெளிப்படும் இடங்கள் உள்ளன என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அந்நூலின் வழியே நந்தனார் மேடைக்கும் திரைக்கும் சென்றார். கே.பி. சுந்தராம்பாள் நடித்த படம் 1935இலும், தண்டபாணி தேசிகர் நடித்த படம் 1942இலும் வெளிவந்தன. தமிழர் மனத்தில் உள்ள நந்தனார் பெரிதும் பாரதியாரின் நந்தனாரே. புதுமைப்பித்தன் 1930களில் எழுதிய 'புதிய நந்தன்' கதையில் ஆதனூருக்கு ரயில் வருகிறது. அதன் அடியில் சேரிக் கிழவனும் அவனைக் காக்க ஓடிய அவன் மகனும் அந்தண இளைஞனும் சேர்ந்து மடிய, யார் நந்தன் என்ற வினா எஞ்சுகிறது. தில்லிப் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பித்த இந்திரா பார்த்தசாரதியின் 'நந்தன் கதை' நாடகம் 1978இல் வெளிவந்தது. அதில் தீ இறைவன் ஆணையன்று. மனிதர் செய்த சூழ்ச்சி. சேக்கிழார் கனவாக எழுதியதை அந்நாடகம் கொலையாக வாசித்தது. அவ்வாசிப்பு வலிமையானது. எனினும் அதில் ஓர் இழப்பும் நேர்ந்தது: 'இதுவும் ஏவல்' என்று எண்ணியும் அமைய முடியாத அந்த விடியற்காலை மனம் அதில் இடம்பெற வழியில்லை. சூழ்ச்சிக்கு இரையாகிறவனுக்குத் தன்னோடு போராட நேரமில்லை.

தோல் சென்ற இடம்

ஆதனூர் நிலை முற்றிலும் பழங்கதை ஆகிவிடவில்லை. மிருதங்கம் செய்வோரைப் பற்றி டி.எம். கிருஷ்ணா எழுதிய 'செபாஸ்டியன் அண்ட் சன்ஸ்' என்னும் ஆங்கில நூல் 2020இல் வெளிவந்தது. பசு, ஆடு, எருமை ஆகியவற்றின் தோல் மிருதங்கத்தில் எவ்வாறு அமைகிறது என்பதையும், அதைச் செய்வோருள் பலர் தலித் கிறித்தவர்கள் என்பதையும் அது விரிவாகப் பதிவு செய்கிறது. அந்நூலின் வெளியீட்டு விழாவுக்குச் சென்னைக் கலாக்ஷேத்திரம் முதலில் தந்த அனுமதியைப் பின்னர் விலக்கிக்கொண்டது. விழா வேறிடத்தில் நடைபெற்றது. பாலக்காடு மணி ஐயரின் நாதத்திற்குப் பின்னால் பர்லாந்து என்னும் கைவினைஞரின் செவியும் கையும் இருந்தன என்பதை அந்நூலின் வழியே பலர் முதன்முறையாக அறிந்தனர். இவர்கள் தம் தொழிலில் கொண்ட பெருமிதம் ஐயத்திற்கிடமற்றது. நாதம் ஒரு நூலளவு பிசகினாலும் பொறாதவர்கள் அவர்கள். அவ்வகையில் திருக்குறிப்புத்தொண்டரின் இனத்தவர். அப்பெருமிதத்தைக் காட்டி, மேடையில் அவர்கள் பெயர் இல்லாமையிலும் அவர்கள் நிறைவு கொண்டிருந்தனர் என்று முடிவு கட்டினால், அது சொற்பொழிவாளர் நந்தனார்க்குச் செய்ததையே மீண்டும் செய்வதாகும்.

லோதி ரோட்டு அரங்கில் அன்று உரைக்கு முன்னர் தேவார இசை நிகழ்ந்தது. பாடியவர், வயலின் வாசித்தவர், மிருதங்கம் வாசித்தவர் ஆகிய மூவருக்கும் சால்வை அணிவித்தனர். வினா எழுப்பிய முதியவர் நன்றியுரை தொடங்குமுன்பே வெளியேறிவிட்டார். அவரைப் பின்தொடர்ந்து சென்று பேசவேண்டும் என்று எண்ணியும், கூட்டத்தைக் கடந்து வாயிலை அடைவதற்குள் அவர் போய்விட்டார். மேடையில் மிருதங்கத்தை உறைக்குள் இட்டுக்கொண்டிருந்தனர்.